ஐப்பசிப் பூசணி: சர்க்கரை, எண்ணெய் குறைத்து பேக் செய்யவும் சமைக்கவும் வழி சொல்லுங்கள்

பாளை மருமகள்

வணக்கம். மாமா ஆடியில் ஊன்றிய பூசணிக் கொடி இந்த வருடம் கொல்லை, வேலி, பக்கத்து வீட்டு ஓட்டுக் கூரை என்று ஏறிவிட்டது. ஐப்பசி பிறந்ததும் காய் அறுத்தோம். சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தது போக மீதி கட்டிலுக்கு அடியில் வரிசையாகக் கிடக்கிறது. எல்லாம் மஞ்சள் பூசணிதான், தடியங்காய் (வெள்ளைப் பூசணி) இல்லை. கூட்டு, புளிக்குழம்பு, பச்சடி எல்லாம் சுற்றி வந்தாயிற்று. இப்போது தட்டில் பூசணியைப் பார்த்தாலே பிள்ளைகள் எழுந்து ஓடுகிறார்கள்.

நியூஜெர்சியில் இருக்கும் என் மதினி, அங்கே இந்த இலையுதிர் காலத்தில் வீட்டுக்கு வீடு பூசணி ரொட்டியும் மஃபினும்தான் என்று சொல்லி ஒரு செய்முறை அனுப்பினாள். இரண்டு ரொட்டிக்கு மைதா மூன்றரை கப், சர்க்கரை 3 கப், எண்ணெய் 1 கப். படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். மாமாவுக்கு சுகர். அவர் வளர்த்த காயில் அவருக்கே ஒரு துண்டு கொடுக்க முடியாது என்றால் அந்த ரொட்டி எனக்கு வேண்டாம்.

பேக் செய்ய சின்ன ஓடிஜி மின்சார அடுப்பு இருக்கிறது. சர்க்கரையும் எண்ணெயும் எவ்வளவு தூரம் குறைக்கலாம்? டப்பா பூசணி விழுதுக்குப் பதிலாக வீட்டில் எப்படிச் செய்வது? நம்மூர் பக்குவத்தில் வேறு ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

வள்ளியூர் தம்பி

அக்கா, அடுத்த பஸ்ஸில் இரண்டு காய் வள்ளியூருக்கு ஏற்றி விடுங்கள். உங்கள் பாரம் குறையும், எங்கள் ரூமில் சாம்பார் ஓடும்.

தென்காசி ரொட்டிக்கடை

சர்க்கரைக்குப் பிறகு வருகிறேன், முதலில் தண்ணீர். பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். வீட்டில் பூசணி கேக் செய்பவர்கள் பாதிப் பேருக்கு அது நடுவில் வேகாமல் களி மாதிரி ஒட்டிக்கொண்டு வருவதற்குக் காரணம் அதுதான். காயைத் தண்ணீரில் போட்டு வேகவைத்து மிக்ஸியில் அடித்து அப்படியே மாவில் ஊற்றுகிறார்கள். டப்பா விழுது கெட்டியாக இருக்கும். அந்த அளவை நம் வீட்டு விழுதுக்கு அப்படியே எடுத்தால் கணக்கு உதைக்கும்.

செய்ய வேண்டியது இது. காயைக் கீற்றாக வெட்டி, விதையும் நாரும் வழித்துவிட்டு, தோலோடு இட்லிக் கொப்பரையில் ஆவியில் வேகவையுங்கள். தண்ணீர் காயைத் தொடக்கூடாது. ஓடிஜியில் வைப்பதானால் இன்னும் நல்லது: வெட்டின பக்கம் லேசாக எண்ணெய் தடவி, தட்டில் கவிழ்த்து, 200 டிகிரியில் முக்கால் மணி நேரம். ஓரம் கருகிச் சுருண்டு, தோல் தானாகக் கழன்று வரும். காயின் இனிப்பு அப்போதுதான் திரளும். சர்க்கரை குறைக்க நினைப்பவர்களுக்குச் சுட்ட பூசணிதான் சரி.

ஆறினதும் மசித்து, அடிகனமான வாணலியில் சிறு தீயில் கிண்டுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். பிறகு ஒரு கரண்டி விழுதைச் சில்வர் தட்டில் வைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். சுற்றி ஈர வளையம் கட்டினால் மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். கட்டவில்லை என்றால் கேக்குக்குத் தயார்.

அப்புறம் எண்ணெய். பூசணி போட்டால் எண்ணெயே வேண்டாம் என்று யூடியூபில் சொல்வார்கள். நம்பாதீர்கள். எண்ணெய் அறவே இல்லாத கேக் அன்றைக்குச் சூட்டில் பரவாயில்லை, மறுநாள் ரப்பர். பாதியைக் குறைத்து அந்த இடத்தில் விழுது போடலாம். அதற்குக் கீழே போனால் என் கை நடுங்கும்.

உடன்குடிக்காரன்

சர்க்கரைக்கு எதற்கு இவ்வளவு யோசனை? எங்கள் ஊர் கருப்பட்டி போடுங்கள். சுகர்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். அந்தக் காலத்தில் யாருக்கு சுகர் இருந்தது?

தட்டில் என்ன

உணவியல் படித்து அந்த வேலையில் இருப்பவள். உடன்குடி அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது, "தாராளமாக" என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். கருப்பட்டியும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே இனிப்பு. வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத தாது உப்புகள் கொஞ்சம் இருக்கின்றன, வாசனை இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் விஷயத்தில் உடம்பு ஊர் பெயர் பார்ப்பதில்லை. கருப்பட்டிக்கு ஆதரவாக ஒரு நல்ல வாதம் உண்டு: அதன் மணமும் காரமும் தூக்கலாக இருப்பதால் குறைவாகப் போட்டாலும் நாக்கு ஏமாறாது. குறைத்துப் போட்டால்தான் அந்த லாபம்.

மதினி அனுப்பிய செய்முறையைக் கணக்குப் போடுவோம். 3 கப் சர்க்கரை என்றால் சுமார் 600 கிராம். இரண்டு ரொட்டியும் சேர்த்து 20 துண்டு போட்டால் ஒரு துண்டில் 30 கிராம். உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்தச் சக்தியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. ஐந்து சதவீதம் என்பது பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 25 கிராம். ஒரே துண்டில் தாண்டிவிடுகிறது. தேன், வெல்லம், கருப்பட்டி எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

இனி பூசணி. பச்சைக் காய் 100 கிராமில் 26 கலோரிதான், மாவுச்சத்து ஆறரை கிராம். கிளைசெமிக் குறியீட்டுப் பட்டியலில் பூசணிக்கு 75 என்று பார்த்துவிட்டுப் பயந்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்த எண், குறிப்பிட்ட அளவு மாவுச்சத்து ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைச் சொல்வது. ஒரு கரண்டிக் கூட்டில் அவ்வளவு மாவுச்சத்தே கிடையாது. அதனால் மாமா பூசணி சாப்பிடலாம். அதோடு சேர்ந்து வரும் சோறு, மைதா, இனிப்பு இவற்றைத்தான் அளக்க வேண்டும்.

பூசணியில் நார்ச்சத்து நிறைய என்று சொல்வதும் மிகை. பச்சைக் காயில் 100 கிராமுக்கு அரை கிராம்தான். அதன் சிறப்பு பீட்டா கரோட்டின், அதாவது உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் அந்த மஞ்சள் நிறம். கொஞ்சம் கொழுப்பு கூட இருந்தால்தான் அது உடம்பில் சேரும். நம் கூட்டில் தேங்காய் அரைத்து விடுகிறோமே, அந்த அளவு போதும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் அதோடு போய்விடும். ஒரே எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறுக்குப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால் மருத்துவரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

உடன்குடிக்காரன்

சரிம்மா, "அளவோடு" என்று மாற்றிக்கொள்கிறேன். ஆனால் கலப்படக் கருப்பட்டி வாங்கிச் செய்துவிட்டு எங்கள் ஊரைக் குறை சொல்லாதீர்கள். சீனிப்பாகு கலந்ததை நாக்கில் வைத்தாலே தெரியும், வெறும் இனிப்புதான் இருக்கும். நல்லதில் கடைசியில் ஒரு உவர்ப்பு நிற்கும்.

நியூஜெர்சி மதினி

நாத்தனாரே, என் மானத்தை இப்படியா வாங்குவது! நான் அனுப்பியது பக்கத்து வீட்டு அம்மா கொடுத்தது. நானே அதில் சர்க்கரையைப் பாதிதான் போடுகிறேன்.

இங்கே இருப்பவர்களுக்குச் சில விஷயம். ஹாலோவீன் பண்டிகைக்கு முகம் செதுக்க விற்கிற பெரிய பூசணி சமையலுக்கு ஆகாது. உள்ளே வெறும் நாரும் தண்ணீரும்தான், ருசியே இருக்காது. செதுக்கி வாசலில் நாள் கணக்கில் வைத்ததை வீணாக்கக் கூடாது என்று குழம்பு வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், வேண்டவே வேண்டாம். சுகர் பம்ப்கின் என்று சின்னதாக உருண்டையாக ஒன்று வரும், அதை வாங்குங்கள். நம்மூர்ச் சர்க்கரைப் பூசணிக்கு மிக நெருக்கம் என்றால் கபோச்சா என்கிற பச்சைத் தோல் காய். மாவாக இருக்கும், தண்ணீர் விடாது. பட்டர்நட்டும் நன்றாக இருக்கும்.

டப்பாவில் இரண்டு வகை உண்டு, இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று வெறும் பூசணி விழுது. இன்னொன்று பை (pie) என்கிற இனிப்புப் பண்டம் செய்வதற்கென்று சர்க்கரையும் மசாலாவும் கலந்தது. பின்பக்கம் திருப்பி, பூசணி என்ற ஒரே வார்த்தை மட்டும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று பம்ப்கின் பை இல்லாத வீடு இங்கே அபூர்வம். எங்கள் வீட்டில் அடியில் இருக்கும் மாவுத் தட்டையே எடுத்துவிட்டோம். வெண்ணெய் முழுக்க அதில்தான் இருக்கிறது. விழுது, முட்டை, பால், கொஞ்சம் கருப்பட்டி, பட்டை, சுக்கு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய் எல்லாம் கலந்து சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, தண்ணீர் வைத்த தட்டில் நிறுத்தி பேக் செய்கிறேன். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும். ஆறும்போது இறுகிவிடும். பிள்ளைகள் அதைப் பூசணி அல்வா என்கிறார்கள். நெல்லைக்காரர்கள் மன்னிக்க.

அம்பை ஆச்சி

அல்வா என்று சொன்னதற்கு மன்னிப்பு கிடையாது. மற்றதெல்லாம் நல்லா இருக்கு.

பாளை மருமகள்

தென்காசி அண்ணாச்சி, அந்த ஈர வளையச் சோதனை அருமை. முதல் தடவை கிண்டியபோது வளையம் கட்டியது, இன்னும் கொஞ்சம் கிண்டியதும் நின்றுவிட்டது. விழுது இப்போது நல்ல கெட்டியாக, செங்கல் நிறத்தில் இருக்கிறது. மஃபினுக்கு அளவு சொல்லுங்களேன். கோதுமை மாவில் வருமா? கேழ்வரகு சேர்க்கலாமா?

தென்காசி ரொட்டிக்கடை

தாராளமாக வரும். எங்கள் கடையில் மைதாதான் ஓடுகிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குச் செய்வது இப்படித்தான்.

கோதுமை மாவு 150 கிராம், கேழ்வரகு மாவு 50 கிராம். கேழ்வரகைக் கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். அதில் பசைத்தன்மை கிடையாது, தொட்டதும் உதிரும். பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பட்டைத் தூள் ஒரு தேக்கரண்டி, சுக்குத் தூள் அரைத் தேக்கரண்டி. இதை எல்லாம் இரண்டு தடவை சலியுங்கள்.

இன்னொரு பாத்திரத்தில் பூசணி விழுது 200 கிராம், முட்டை 2, தயிர் 60 மில்லி, எண்ணெய் 50 மில்லி, பொடித்த கருப்பட்டி 80 கிராம். கருப்பட்டியில் மண் இருக்கும் என்று சந்தேகமாக இருந்தால் கொஞ்சமே கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, மறுபடி சுண்டவைத்து ஊற்றுங்கள். பாகில் போகும் தண்ணீரும் தண்ணீர்தான். செக்குக் கடலை எண்ணெய் வேண்டாம், அதன் மணம் பட்டையை அமுக்கிவிடும்.

இனி கவனிக்க வேண்டிய இடம். ஈரக் கலவையில் மாவைக் கொட்டி, மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டி விடுங்கள். காய்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கையை எடுத்துவிட வேண்டும். கட்டி தெரிகிறதே என்று அடித்துக் கலக்கினால் சப்பாத்தி மாவின் இழுவை வந்துவிடும். கிண்ணத்தில் முக்கால் அளவு ஊற்றி, முன்பே சூடேற்றிய 180 டிகிரி அடுப்பில் 20 முதல் 25 நிமிடம். ஈர்க்குச்சி குத்தினால் ஒன்றிரண்டு துகள் ஒட்டி வரலாம், மாவு ஒட்டக்கூடாது. 12 சின்ன மஃபின் வரும். ஒன்றில் கருப்பட்டி 7 கிராமுக்கும் குறைவு.

சூடாக இருக்கும்போது மூடி வைக்காதீர்கள், அடியில் வியர்த்துவிடும். அடைமழை நேரத்தில் வெளியே வைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சை பூக்கும். இரண்டாம் நாளே ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு: ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து கொழகொழவென்று ஆனதும் ஊற்றுங்கள். உப்பல் கொஞ்சம் குறையும்.

வள்ளியூர் தம்பி

ஓடிஜி இல்லாத ஏழைகள் என்ன செய்வது? குக்கரில் செய்யலாம் என்கிறார்களே?

தென்காசி ரொட்டிக்கடை

செய்யலாம். ஆனால் நல்ல குக்கரைத் தண்ணீர் இல்லாமல் காயவிட்டுக் கெடுக்காதே தம்பி. பழைய கனமான வாணலியும் பொருத்தமான மூடியும் போதும். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல் உப்பு, அதன்மேல் ஒரு கம்பி வளையம், அதன்மேல் கேக் பாத்திரம். உப்பு பத்து நிமிடம் காய்ந்த பிறகு பாத்திரத்தை இறக்கு. தீ சிறிதாகவே இருக்கட்டும். மஃபினாக இல்லாமல் ஒரே கேக்காக ஊற்றினால் முக்கால் மணி நேரம் ஆகும். கரண்ட் போனாலும் வேலை நிற்காது, இந்த மாதத்தில் அது பெரிய விஷயம்.

களக்காடு தோட்டம்

சமையல் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, காய் பற்றிச் சொல்கிறேன். காம்பு காய்ந்து கட்டை தட்டி, தோல் பளபளப்பு போய், நகம் இறங்காமல் இருந்தால் முற்றிய காய். பேக் செய்ய இதுதான் வேண்டும், மாவும் இனிப்பும் இதில்தான் இருக்கும். பளபளவென்று இருக்கும் பிஞ்சுக் காய் கூட்டுக்கும் புளிக்குழம்புக்கும். காம்போடு அறுத்து, காற்றோட்டமான காய்ந்த இடத்தில் ஒன்றோடொன்று உரசாமல் வைத்தால் மாதக் கணக்கில் நிற்கும். கட்டிலுக்கு அடியில் சரிதான், ஆனால் ஈரத் தரையாக இருந்தால் வைக்கோலோ பலகையோ போடுங்கள். வெட்டிவிட்டால் விதையும் நாரும் உள்ள நடுப்பகுதிதான் முதலில் அழுகும், அதை உடனே வழித்துவிட வேண்டும்.

சந்தையில் வாங்குகிறவர்கள் கீற்று வாங்குவது நல்லது. உள்ளே நிறம் பார்த்தே வாங்கலாம். அடர்ந்த செம்மஞ்சளாக இருக்கட்டும். சின்னக் குடும்பம் கொடி போடுவதானால் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகம் நல்லது. காய் ஒன்றரை, இரண்டு கிலோவுக்குள் நிற்கும். கோ 1 ஏழெட்டு கிலோ வரும், அதை அறுத்தால் தெருவுக்கே சமைக்க வேண்டும்.

முக்கியமான ஒன்று. வெட்டியதும் ஒரு துணுக்கு நாக்கில் வையுங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். குக்குர்பிட்டசின் என்கிற நச்சு அது. வேகவைத்தாலும் போகாது, வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். தானாக முளைத்த கொடியில் சில சமயம் இப்படி வரும். அதில் பெருமை பார்க்காதீர்கள்.

பாளை மருமகள்

அண்ணாச்சி, இது தெரியாத விஷயம், நன்றி. எங்கள் காயில் கசப்பு இல்லை, பார்த்துவிட்டேன்.

குளத்தங்கரை

நேற்று மழைக்கு இதமாகப் பூசணி சூப் வைத்தேன். கிரீமுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால். இஞ்சி, பச்சை மிளகாய், கடைசியில் எலுமிச்சை. கிட்டத்தட்ட நம்ம சொதியே. அடுத்த தடவை சொதியிலேயே பூசணி போடலாம் என்று இருக்கிறேன்.

அம்பை ஆச்சி

சொதியில் பூசணியா? கேரட், பீன்ஸ், உருளை, முருங்கை, பட்டாணி போட்டு, சிறுபருப்பு வேகவைத்து ஊற்றி, மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிற குழம்பு அது. பூசணி போட்டால் இனித்துக் கிடக்கும், இஞ்சிப் பச்சடியோடு சேராது. சூப் என்று சொல்லிக் குடி, வேண்டாம் என்று யார் சொன்னா.

குளத்தங்கரை

ஆச்சி, முதல் பால் ஊற்றாமல் இரண்டாம் பால், மூன்றாம் பாலிலேயே முடித்தேன். உடம்புக்கும் லேசு. இதை நீங்கள் சொதி என்று ஒத்துக்கொள்ளவே மாட்டீர்களா?

அம்பை ஆச்சி

முதல் பால் இல்லாததைச் சொதி என்று ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பூசணி அப்புறம்.

தட்டில் என்ன

ஆச்சி வென்றார்கள். ஆனால் குளத்தங்கரை செய்தது நல்ல விஷயம்: முதல் பாலில்தான் கொழுப்பு நிறைய. சூப்பில் ஒரு கைப்பிடி வேகவைத்த சிறுபருப்பை மசித்து விட்டால் கெட்டியாகவும் இருக்கும், புரதமும் சேரும். பூசணி தனியாகப் பசி தாங்காது. பருப்போ பயறோ முட்டையோ கூட வர வேண்டும். இந்த இழையில் எல்லாரும் மஃபின் பின்னால் போகிறீர்கள். என்னைக் கேட்டால் தட்டப்பயறு போட்ட பூசணிக் கூட்டை மிஞ்ச எதுவும் இல்லை.

அம்பை ஆச்சி

அதைத்தான் சொல்ல வந்தேன், அதற்குள் சொதியில் இழுத்துவிட்டீர்கள். ஏட்டி மருமகளே, கேட்டுக்கோ. தட்டப்பயறை லேசாக வறுத்து, மலர வேகவை, குழையக்கூடாது. பூசணியைத் தோலோடு பெரிய துண்டாகப் போடு. தோல் இருந்தால்தான் துண்டு உடையாமல் நிற்கும். மஞ்சள், உப்பு, துண்டு மூழ்காத அளவு தண்ணீர், மூடி வை. தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து விடு. கடைசியில் இரண்டு கரண்டி தேங்காய்த் துருவலைக் கொஞ்சம் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலையோடு சிவக்க வறுத்துக் கொட்டி மூடு. திறக்கும்போது தெருவரைக்கும் மணக்கும். ஒரு துளி சர்க்கரை வேண்டாம். மலையாளத்துக்காரர் எரிசேரி என்பார்கள், நமக்கும் அதேதான்.

அப்புறம் கார்த்திகை வருகிறது. அடுப்புப் பெட்டி இல்லாதவர்களுக்கு ஓலைக் கொழுக்கட்டை இருக்கு. தீபத்துக்கு முந்தின நாள் தெருவில் குருத்தோலை விற்பார்கள், வாங்கிக் கழுவி சாண் நீளத்துக்கு நறுக்கு. வறுத்த பச்சரிசி மாவு இரண்டு கப், வறுத்த சிறுபருப்பு கால் கப், தேங்காய்த் துருவல் அரை கப், சுக்கு, ஏலம். எப்போதும் கருப்பட்டிப் பாகில் பிசைவோம். நீ ஒரு கப் பூசணி விழுதும் நூறு கிராம் கருப்பட்டியும் வைத்துப் பிசை, இனிப்பு பாதியாகக் குறையும். கையில் பிடித்தால் பிடி நிற்கணும், அதற்கு மேல் தளர விடாதே. ஓலையின் மடிப்புக்குள் அப்பி, மேலே இன்னொரு ஓலை வைத்து, ஓலை நாராலே இரண்டு இடத்தில் கட்டு. கொப்பரையில் அரை மணி நேரம் ஆவி வரட்டும். பிரிக்கும்போது ஓலை வரி கொழுக்கட்டையில் பதிந்திருக்கும், பனை வாசனை ஏறியிருக்கும். எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது.

தட்டில் என்ன

எண்ணெய் இல்லை, ஆனால் அரிசி மாவு இருக்கிறது. மாமாவுக்கு ஒன்று, அதுவும் அன்றைக்கு இட்லியோ சோறோ குறைத்துவிட்டு.

களக்காடு தோட்டம்

விதையை யாரும் பேசவில்லையே. குப்பையில் போடுகிறீர்களா?

தட்டில் என்ன

போடக்கூடாது. உரித்த பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 30 கிராம் புரதம், மெக்னீசியமும் துத்தநாகமும் நிறைய. ஆனால் கலோரியும் 550-க்கு மேல், அதனால் உள்ளங்கை அளவு போதும். வெயில் இல்லாத மாதம் என்பதால் அலசி, துணியில் துடைத்து, அடுப்பில் சிறு தீயில் ஈரம் போக வறுத்துவிட்டு உரியுங்கள். காய்ந்த மிளகாய், உளுந்து, பெருங்காயத்தோடு பொடித்தால் இட்லிப் பொடி. மஃபின் மேலே பத்து பருப்பு தூவிவிட்டால் பார்க்கவும் அழகு.

உடன்குடிக்காரன்

உரிக்கிற வேலைக்கு ஆள் சம்பளம் யார் கொடுப்பது?

தட்டில் என்ன

வீட்டில் டிவி பார்க்கிற ஆண்கள்.

பாளை மருமகள்

மஃபின் நன்றாக வந்தது. மேலே லேசாக வெடித்து, உள்ளே பஞ்சாக, கேழ்வரகு போட்டதே தெரியவில்லை. பெரியவன் "இதில் பூசணியா?" என்று கேட்டுவிட்டு இன்னொன்று எடுத்தான். சின்னவளுக்குச் சுக்குக் காரம் பிடிக்கவில்லை, அவளுக்கு ஏலம் மட்டும் போட்டுக் கொடுக்க வேண்டும். மாமா மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒன்று சாப்பிட்டார்.

தட்டில் என்ன

சாப்பாட்டுக்கு மேலே வேண்டாம் அக்கா. சோற்றோடு சேர்ந்து ஏறும். சாயங்காலம் டீக்குப் பதில், சர்க்கரை போடாத டீயோடு ஒன்று. அன்றைக்கு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். அவர் உடம்புக்கு எது ஒத்துப்போகிறது என்று அதுதான் சொல்லும், நானோ இந்த இழையோ அல்ல.

பாளை மருமகள்

சரி, அப்படியே செய்கிறேன். மிச்ச விழுதை என்ன செய்வது? இன்னும் ஒரு பாத்திரம் இருக்கிறது.

குளத்தங்கரை

சப்பாத்தி மாவில் தண்ணீருக்குப் பதில் விழுதைப் போட்டுப் பிசையுங்கள், கொஞ்சம் ஓமம். மறுநாள் டிபன் டப்பாவிலும் மெதுவாக இருக்கும். அடை மாவிலும் ஒரு கரண்டி போடலாம்.

தென்காசி ரொட்டிக்கடை

கூடுதலாக இருந்தால் 200 கிராம் வீதம் சின்னச் சின்ன கவரில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் அடுக்குங்கள், மூன்று மாதம் வரை நிற்கும். எடுத்துப் பயன்படுத்தும்போது உருகித் தண்ணீர் பிரிந்திருக்கும். மெல்லிய வேட்டித் துணியில் வடித்துவிட்டுத்தான் கேக்கில் போட வேண்டும். வடிந்த தண்ணீரை ரசத்தில் விட்டுவிடுங்கள்.

நியூஜெர்சி மதினி

ஆச்சி, இங்கே குருத்தோலைக்கு எங்கே போவது? கொழுக்கட்டையைக் கேட்டதிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது.

அம்பை ஆச்சி

வாழையிலை அங்கே இந்தியக் கடையில் உறைய வைத்து விற்கிறார்கள் என்று என் பேத்தி சொல்கிறாள். அதை வெந்நீரில் வாட்டி மடித்துக் கட்டு. பனை வாசனை வராது, ஆனால் கொழுக்கட்டை வேகும். விழுது மட்டும் கெட்டியாக இருக்கட்டும், அந்த ஊர்ப் பூசணியை நான் நம்பமாட்டேன்.